பிரிட்ஜில் கேஸ் "முடிவதில்லை"



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பிரிட்ஜ் வைத்திருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

போன மாதம் என் வகுப்புப் பிள்ளை ஒருவரின் அம்மா பாடசாலைக்கு வந்திருந்தார். மகனின் புள்ளிகளைப் பற்றிப் பேசி முடித்துப் புறப்படும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "சேர், எங்க பிரிட்ஜில ரெண்டு மாசத்துல ரெண்டு தடவ கேஸ் முடிஞ்சிருச்சு. இது சரிவருமா, இல்ல வித்துருவமா?"

கொழுந்து பறித்துத் தவணையில் கட்டி முடித்த பிரிட்ஜ். இரண்டு தடவை கேஸ் அடித்த காசு அவருக்குப் பல நாள் பேர்.

"அக்கா, ஐஸ் பிடிக்குதா?" என்று கேட்டேன்.

"ஐஸ்தான் சேர் பிரச்சினையே. மேல் கதவ மூட முடியல."

நான் சொல்ல வந்ததே இதுதான். பிரிட்ஜ் கேஸ், அடுப்புக் கேஸ் மாதிரி எரிந்து தீர்ந்துபோகும் சாமான் இல்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகும்போது சாப்பாட்டின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கொம்ப்ரசர் அதை அழுத்தி, அந்த வெப்பத்தை வெளியே விடுகிறது. பத்து வருடம் ஓடினாலும் அளவு குறையாது. குறைந்தால் எங்கேயோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் அடிப்பது, ஓட்டை வாளியில் தண்ணீர் அள்ளுவது போல.

ஐஸ் தட்டு முழுவதும் தடிப்பாக ஐஸ் பிடித்திருந்தால் கேஸ் இருக்கிறது என்றுதான் அர்த்தம். கேஸ் குறைந்த பிரிட்ஜ் வேறு மாதிரி நடந்துகொள்ளும். கொம்ப்ரசர் நிற்காமல் ஓடும், தட்டின் ஒரு மூலையில் மட்டும் ஐஸ் படியும்.

அப்படியென்றால் அந்த ஐஸ் எங்கிருந்து வந்தது? நம் ஊர்க் காற்றிலிருந்து. பொகவந்தலாவை மிஸ்ட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கதவு ரப்பர் சரியாகப் பிடிக்காவிட்டால் அந்த ஈரம் உள்ளே போய் ஐஸாகும். ஒரு நூறு ரூபா நோட்டைக் கதவில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் பிடிக்கவில்லை. அந்த அக்கா வீட்டில் நடந்ததும் அதுதான். ரப்பரின் கீழ் மடிப்பில் அழுக்கு இறுகியிருந்தது. சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து, சுடுதண்ணீரில் நனைத்த துணியை வைத்து நிமிர்த்தினோம். ஐஸைக் கரைத்துவிட்டுப் போட்ட பிரிட்ஜ் இன்றுவரை ஓடுகிறது.

நம் ஊருக்கென்றே இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. பிரிட்ஜுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். 'டி' வகை என்றிருந்தால், 16 முதல் 43 பாகை வரையுள்ள அறைக்காக அதைச் செய்திருக்கிறார்கள். ஜனவரி இரவில் நம் குசினி அதைவிடக் குளிர்ந்துவிடும். ஒரே தெர்மோஸ்டாட் உள்ள பிரிட்ஜில் அது கீழ்த் தட்டின் குளிரைத்தான் பார்க்கும். கீழே குளிர்ந்திருப்பதால் கொம்ப்ரசர் அதிகம் ஓடாது. மேலே இறைச்சி இளகிவிடும். பழுது என்று நினைத்து ஆளைக் கூப்பிடுகிறோம். அல்லது "குளிர் காலந்தானே" என்று நம்பரைக் குறைத்து, இன்னும் கெடுக்கிறோம். இந்தப் பிரிட்ஜ்களில் குளிர் நாட்களில் நம்பரைக் கொஞ்சம் கூட்டத்தான் வேண்டும். திறந்த விறாந்தையில் வைக்காமல் வீட்டுக்குள் வைப்பதும் நல்லது.

இப்போது என் சொந்த மடத்தனம். ஒரு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், உழ்ஹிய்யா இறைச்சிக்கு இடம் வேண்டுமென்று ஐஸைக் கத்தியால் சுரண்டினேன். 'உஸ்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். தட்டின் உள்ளே ஓடுவது மெல்லிய அலுமினியக் குழாய். உம்மா மூன்று நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. ஆகவே கத்தி வேண்டாம். விரல் தடிப்புக்கு ஐஸ் வர முன்பே பிளக்கைக் கழற்றி, கதவைத் திறந்து, ஒரு பாத்திரத்தில் சுடுதண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருங்கள். புதிய பிரிட்ஜ்கள் பலவற்றில் இருக்கும் ஆர் 600ஏ கேஸ் தீப்பிடிக்கக்கூடியது. 'உஸ்' சத்தம் கேட்டால் நெருப்பு மூட்டாமல், சுவிட்சுகளைத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிடுங்கள்.

வீட்டில் இன்சுலின் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கு 2 முதல் 8 பாகை வரை வேண்டும். ஐஸ் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஒருமுறை உறைந்த இன்சுலினை இளகினாலும் பாவிக்கக் கூடாது.

மின்கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 சதவீதமும் 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் ஏறியதை நாம் மறக்கவில்லை. பிடிக்காத ரப்பரோடு ஓடும் பிரிட்ஜ் மாதாமாதம் பில்லில் காசு பிடுங்கும்.

நல்ல பாஸ்மார் நம் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் "கேஸ் முடிஞ்சிருச்சு" என்று யார் சொன்னாலும், காசை எடுக்க முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த இடத்தில் ஓட்டை? அதை அடைத்தீர்களா? என்ன கேஸ் அடிக்கிறீர்கள், பில்லில் எழுதித் தருவீர்களா? நேர்மையான பாஸ் கோபப்பட மாட்டார், காட்டித் தருவார்.

கேட்க வெட்கப்படாதீர்கள். வெயிலிலும் மழையிலும் உழைத்த காசு உங்களுடையது.

லயத்திலும் டவுனிலும் இருப்பவர்களுக்குச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.