அடிபட்டவரை வேலைக்குத் திரும்ப அழைத்து வருவது யார்?

மில்லில் ஒருவருக்கு அடிபட்டால், "எவ்வளவு பணம் கொடுத்தார்கள்?" என்று கேட்பவர்கள் நிறைய. "மறுபடி வேலைக்கு வந்தாரா?" என்று கேட்பவர்கள் குறைவு. கோவையில் ஒரு நூற்பாலையின் டைம் ஆபீசில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டாவது கேள்விதான் பெரியது.

பணத்துக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948-இல் வந்தது. கோவைக்குத் திட்டம் வந்தது 1955-இல். வேலையில் அடிபட்டவருக்கு, டாக்டர் ஓய்வு எழுதித் தரும் நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் உண்டு. சாதாரண நோய்க்கு 70 சதவீதம்தான். அந்த ஓய்வுக் காலத்தில் ஆளை நீக்கக் கூடாது என்றும் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். குறைகள் ஆயிரம் சொல்லலாம். இருந்தாலும் இது சின்னக் காரியமில்லை.

ஆனால் பணம் வந்துவிட்டால் ஆளும் வந்துவிடுவதில்லை. எங்கள் கார்டிங் டிபார்ட்மெண்டில் விரல் நசுங்கிய இரண்டு பேரைச் சொல்கிறேன். காயம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆஸ்பத்திரியும் ஒன்று, கிடைத்த பணமும் ஒன்று.

முதலாமவர் வீட்டுக்கு வாராவாரம் ஷிப்ட் ஆட்கள் யாராவது போய் வந்தார்கள். மேஸ்திரியும் ஒரு நாள் போய், "உன்ற மெஷின்ல பதிலி ஆளைத்தான் போட்டிருக்குது. வெரலு ஆறட்டும், மெதுவா வா" என்று சொல்லிவிட்டு வந்தார். மூன்று மாதத்தில் அவர் திரும்பிவிட்டார்.

இரண்டாமவர் வீட்டுக்கு யாரும் போகவில்லை. "ஈ.எஸ்.ஐ. காசுல சொகமா உக்கோந்திருக்கறான்" என்ற பேச்சுதான் அவர் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. ஃபிட் சர்டிபிகேட்டோடு வந்தவர் நாலு நாள் வேலை பார்த்தார். மெஷின் பக்கம் போனாலே கை நடுங்கியது. அதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. ஐந்தாம் நாள் அவர் வரவில்லை, பிறகும் வரவில்லை. இருபது வருஷத் தொழில் அத்தோடு போயிற்று.

ஆதரவு என்றால் தாங்கு தாங்கு என்று தாங்குவது என்றும் நினைத்துவிடக் கூடாது. சில வீடுகளில் அடிபட்டவரைத் தண்ணிச் சொம்பைக்கூட எடுக்க விடமாட்டார்கள். அன்புதான், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆறு மாதம் அப்படி வைத்தால், தன்னால் ஒன்றும் ஆகாது என்று அவரே நம்பிவிடுவார். "ரேசன் கடைக்கு நீங்களே போயிட்டு வந்துருங்க" என்று பையைக் கையில் கொடுக்கும் மனைவிதான் அவரைப் பாதி தூரம் மில்லுக்கு அனுப்பி வைக்கிறாள்.

மீதிப் பாதி தூரத்தில்தான் சிக்கல். சட்டக் கணக்கில் ஒரு நாள் என்றால் ஒன்று ஓய்வு நாள், இல்லாவிட்டால் கூலி நாள். கூலி வாங்கிய நாளுக்கு அந்த உதவித்தொகை கிடையாது. அரை நேரம் வந்து பழகிப் பார்க்க நினைப்பவருக்கு அரைக் கூலியோடு சரி. மில்லிலோ, "முழுசா குணமாகி வா" என்பார்கள். உடம்பு அப்படி ஒரே நாளில் முழுசாகிவிடுமா?

அரசு நிறுவனங்களில் வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால், 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி அவரை நீக்கவோ பதவி குறைக்கவோ முடியாது. பழைய வேலை முடியாதென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். தனியார் மில்லில் விரல் போனவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. விரல் என்னவோ இரண்டு இடத்திலும் ஒரே விரல்தான்.

என் யோசனை இதுதான். முதல் சில வாரங்களுக்கு இலகுவான வேலையோ அரை நேர வேலையோ கொடுக்கட்டும். குறையும் கூலியை ஈ.எஸ்.ஐ. ஈடு கட்டட்டும். அடிபட்டவர் வீட்டுக்குப் போய் வருவதை டிபார்ட்மெண்டில் ஒருவருடைய பொறுப்பாக வைக்கட்டும். "ஒருத்தனுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க" என்று நிர்வாகத்தில் சொல்வார்கள். புது ஆளைப் பழக்க எத்தனை மாதம் ஆகிறது, அதுவரை எத்தனை கழிவு விழுகிறது என்று அவர்களே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

சட்டம் மாறும்போது மாறட்டும். நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. உங்கள் வீதியில் கட்டோடு உட்கார்ந்திருப்பவர் ஒருவர் இருந்தால் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். அவர் வேலைக்குக் கிளம்பும் முதல் நாள், முடிந்தால் கேட் வரைக்கும் கூடப் போய் வாருங்கள்.