குல்லாய்க்குள் ஒரு காவல்காரி

தேங்காய் மட்டையில் பழுப்பு வடுவும் வெடிப்புமாக இருந்தால், "மரத்துக்குத் திருஷ்டி பட்டுவிட்டது" என்று பெருமூச்சு விடாதீர்கள். தருமபுரத்துக் கொல்லைத் தென்னையானாலும் சரி, பெரிய தோப்பானாலும் சரி, அநேகமாக ஈரியோபைட் என்னும் சிலந்திப்பேனின் வேலைதான் அது. 1998-ல் கேரளத்தில் தலைகாட்டி, வெகு சீக்கிரம் தமிழ்நாட்டுக்கும் வந்துவிட்டது. குரும்பையின் காம்படியில் குல்லாய்போல் இதழ்கள் மூடியிருக்கின்றன அல்லவா? அதற்குள் ஒளிந்து சாற்றை உறிஞ்சும். காய் சிறுத்துவிடும், உரிப்பதும் பெரும்பாடு.

அதே குல்லாய்க்குள் இதைத் தின்னும் இன்னொரு சிலந்திப்பேனும் உண்டு. பெயர் நியோசியூலஸ் பராக்கி. பெயர் வாயில் நுழையாது. அவளோ தட்டை உடம்போடு இடுக்கில் நுழைந்துவிடுவாள்!

அடையாளம் எப்படி? பகையாளி புழுப்போல் நீண்டு வெளுத்திருக்கும், நான்கே கால்கள். கால் மில்லிமீட்டர்கூடத் தேறாது என்பதால் நல்ல பூதக்கண்ணாடி வேண்டும். நம்மவளுக்கு எட்டுக் கால்; விறுவிறுவென்று ஓடுவாள். ஆனால் எட்டுக் காலெல்லாம் நம்மவள் அல்ல. இனத்தை நிச்சயிக்க நிபுணர்கள் மைக்ராஸ்கோப்பில் முதுகு மயிரை ஒவ்வொன்றாக எண்ணுகிறார்கள். (நாம் பேன் பார்ப்பதைவிடப் பொறுமை வேண்டும்!)

இலங்கைத் தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தார் இவளை வளர்த்தே தோப்புகளில் விட்டிருக்கிறார்கள். ஆகவே, கண்ட மருந்தை அடிக்கச் சொல்லுமுன் உதிர்ந்த குரும்பை ஒன்றின் குல்லாயைப் பிரித்துப் பாருங்கள். மருந்துக்கு ஆள் தெரியாது. அவளையும் சேர்த்துத்தான் கொல்லும்.