வயிற்றில் தீ... நுரையீரலில் புகை!

"வாயுப் பிடிப்புதான் ஐயா, ஒரு சூரணம் குடுங்க!" மேல்வயிற்றை அமுக்கிப் பிடித்து, குனிந்தபடியே வந்தார் பெருங்களத்தூர்க்காரர் ஒருவர். முந்தின ராத்திரி குடி. வலி முதுகுக்குப் பாய்கிறது, ஓயாத வாந்தி. "மூச்சும் வாங்குது. அதுக்கு நாளைக்கு நெஞ்சு ஆஸ்பத்திரி போறேன்" என்றார்.

எங்கள் தாம்பரத்தில் இது சகஜம். 1928-ல் காசநோய்க்காக ஆரம்பித்த சானடோரியம் ஒரு பக்கம். 2005-ல் வந்த தேசிய சித்த மருத்துவ நிறுவனம் ஒரு பக்கம். மூச்சுக்கு அங்கே, வயிற்றுக்கு இங்கே என்று உடம்பையே பங்கு போட்டுவிடுகிறோம்! அவருக்கோ ஒரே நோய்தான். கணைய அழற்சி என்று சந்தேகப்பட்டு, 108-ல் ஏற்றி அனுப்பினேன். சூரணம் தரவில்லை என்று அவருக்குக் கோபம்.

கணையம் வீங்கினால் மூச்சு ஏன் வாங்கணும்? சுண்டெலிகளைக் கேளுங்கள். ஆஸ்திரேலியப் பச்சைத் தவளையின் தோலில் கண்டெடுத்த செருலீன் என்ற பொருளை மணிக்கொரு ஊசியாகப் போட்டால், சில மணி நேரத்திலேயே கணையம் வீங்கிவிடும். நுரையீரலை யாரும் தொடவே இல்லை. ஆனாலும் ரத்தத்தில் கலந்த அழற்சிப் பொருட்களால் அங்கே வெள்ளை அணுக்கள் குவிந்து, நீர் கசிகிறது. சிங்கப்பூரில் மாதவ் பாட்டியா குழுவினர் 2005-ல் ஒன்று காட்டினார்கள். அழுகிய முட்டை நாற்றமடிக்குமே, ஹைட்ரஜன் சல்பைடு, அதை எலியின் உடம்பு தயாரிப்பதைத் தடுத்தால் நுரையீரல் சேதம் குறைகிறது!

இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், எங்கள் ஆட்களில் சிலர் 'எலியில் நிரூபிக்கப்பட்ட மூலிகை' என்று நோட்டீஸ் அடித்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. எலிக்கு நோய் எப்போது தொடங்கும் என்று ஆராய்ச்சியாளருக்குத் தெரியும். பல சோதனைகளில் ஊசிக்கு முன்பே மருந்து கொடுத்துவிடுவார். நம்மவரோ ஓமத்தண்ணீர், சோடா எல்லாம் குடித்துப் பார்த்து மறுநாள்தான் வருகிறார். விலங்குகளில் நன்றாக வேலை செய்த லெக்சிபாஃபன்ட் என்ற மருந்து, பிரிட்டனில் 290 நோயாளிகளிடம் சோதித்தபோது உறுப்புச் செயலிழப்பைத் தடுக்கவில்லை என்று 2001-ல் வெளியானது. அது அலோபதி மருந்து. நம் கஷாயத்துக்கு மட்டும் சலுகை உண்டா?

குன்மம் எட்டு வகை என்று படித்தவன்தான் நானும். அதற்காக எல்லா வயிற்றுவலியையும் குன்மத்தில் சேர்க்க முடியாது. பித்தப்பைக் கல் இருப்பவருக்கும், குடிப்பவருக்கும் மேல்வயிற்றில் கடும் வலி வந்து முதுகுக்குப் பரவினால், அமிலேஸ், லைபேஸ் ரத்தப் பரிசோதனை அன்றைக்கே வேண்டும். சலைன் ஏற்றி, ஆக்சிஜன் அளவைக் கவனிக்கும் வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மூச்சும் வாங்கினால் எங்கள் வரிசையில் டோக்கன் போட்டு உட்காராதீர்கள்.

பெருங்களத்தூர்க்காரர் பிழைத்து வந்தார். இப்போது கேட்பது குடியை நிறுத்த மருந்து. அதைப் பற்றி நிறையப் பேசலாம், வாங்க என்றேன்.