எர்த் பின்னைப் பிடுங்கும் மேதாவிகளுக்கு ஒரு விண்ணப்பம்

(டிஸ்கி: சால்டரிங் அயர்னைக் கையால் தொடாதவர்கள் முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் மட்டும் படித்தாலே போதும். கோபம் அங்கேதான் இருக்கு. நடுவில் இருப்பதெல்லாம் கணக்கு வழக்கு.)

நேரா விஷயத்துக்கு வந்துடறேன் மக்களே. வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் கட்டுற நம்மாட்கள் மத்தியில் ஒரு வைத்தியம் ரொம்பப் பிரபலம். ஸ்பீக்கரில் 'உம்ம்ம்ம்'னு ஹம் கேட்டதுமே ஒரு அனுபவஸ்தர் முளைப்பார். "மூணு பின் ப்ளக்குல அந்தப் பெரிய பின்னைக் கழட்டிடு தம்பி, சரியாப் போயிடும்" என்பார். தம்பியும் கட்டிங் பிளேயரை எடுப்பான். ஹம்மும் போயிடும். எல்லாருக்கும் சந்தோஷம். நான் கேட்கிறது ஒண்ணுதான்: சத்தம் போறதுக்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்ல நீங்க யார் சாமி?

அந்தத் தகரப் பெட்டிக்குள் ட்ரான்ஸ்ஃபார்மர் இருக்கு. பிரைமரியில் 230 வோல்ட். என்னைக்காவது இன்சுலேஷன் உரிந்து அந்த 230 பெட்டியில் பட்டால், எர்த் இருந்தா பெரிய கரண்ட் பாய்ந்து ஃபியூஸ் போகும். நாலு கெட்ட வார்த்தை சொல்லிட்டு வேற ட்ரான்ஸ்ஃபார்மர் வாங்கப் போவோம். எர்த் இல்லைன்னா? ஒண்ணுமே ஆகாது. பாட்டு பாடிக்கிட்டே இருக்கும். ஈரக் காலோட பெட்டியைத் தொடுற ஆளுக்காக அது காத்துக்கிட்டு இருக்கும்.

"ஆனா ஹம் போகுதே, அதுக்கு என்ன சொல்றே?"ன்னு கேட்பீங்க. போகும்தான். கம்ப்யூட்டருக்கும் எர்த் இருக்கு, ஆம்ப்ளிஃபயருக்கும் எர்த் இருக்கு. நடுவில் ஷீல்டு வயர் இரண்டையும் இணைக்குது. ஆகமொத்தம் ஒரு வளையம். இரண்டு எர்த்துக்கும் நடுவே இருக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் ஷீல்டு வழியா கரண்டை ஓட்டுது. ஆம்ப்ளிஃபயருக்கு அது பாட்டா, கரண்டான்னு தெரியாது, பெருக்கிக் கொடுத்துடும். வளையத்தை வெட்டணும், சரி. எங்கே வெட்டணும்கிறதுதான் சண்டை.

பெட்டியை எர்த்தோடு நேரா இணையுங்கள், அதில் கை வைக்காதீங்க. இன்புட் சாக்கெட்டைப் பெட்டியில் படாமல் பிளாஸ்டிக் வாஷர் போட்டு மாட்டுங்கள். சர்க்யூட்டின் கிரவுண்டுக்கும் பெட்டிக்கும் நடுவே 10 ஓம் ரெசிஸ்டர் ஒண்ணு, அதற்கு இணையா எதிரெதிர் திசையில் டயோடுகள். ஒரு 35 ஆம்பியர் பிரிட்ஜே அந்த வேலையைச் செய்யும். சின்ன வோல்டேஜுக்கு ரெசிஸ்டர் தடை போடும், ஆபத்து வந்தால் டயோடு திறந்து வழிவிடும். இதைவிடச் சுலபமா, இரண்டு ப்ளக்கையும் ஒரே சாக்கெட் போர்டில் மாட்டிப் பாருங்கள். பாதிப் பேருக்கு அதுவே போதும்.

அடுத்த மேதாவி கூட்டம், "பெரிய கண்டன்சர் போடு" கட்சி. 4700 மைக்ரோஃபாரட் இருந்தா 10000 போடு, அதுக்கும் அடங்கலைன்னா இன்னொண்ணு போடு! கம்பியைத் தப்பான இடத்தில் இணைச்சிருந்தா, கண்டன்சரை ஏத்த ஏத்த நிலைமை மோசமாகவும் ஆகலாம். ஏன்னா கண்டன்சருக்குள் கரண்ட் சீரா போகாது, குட்டிக் குட்டித் துடிப்பா பாயும். கண்டன்சர் பெருத்தால் துடிப்பு ஒடுங்கி உயரும்.

கணக்குப் போட்டுப் பாருங்க. 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 சென்டிமீட்டருக்குக் கிட்டத்தட்ட 1.7 மில்லி ஓம். அதில் 1 ஆம்பியர் துடிப்பு போனால் 1.7 மில்லிவோல்ட். உங்க இன்புட் கிரவுண்டை அந்தக் கம்பியின் தப்பான முனையில் வச்சிருந்தா, 30 மடங்கு பெருக்கி ஸ்பீக்கருக்கு 51 மில்லிவோல்ட். ராத்திரி அமைதியில் அது தெளிவாக் கேட்கும். மருந்து கண்டன்சர் இல்லை, கம்பியை இடம் மாத்துறது. கண்டன்சரின் கிரவுண்ட் முனையிலிருந்து தனியா ஒரு கம்பி எடுத்து, எல்லா கிரவுண்டையும் அந்த ஒரே புள்ளியில் சேருங்கள். செலவு அஞ்சு பைசா.

மூணாவது கூட்டம், "ஐசி டூப்ளிகேட்" கட்சி. ரிச்சி தெருவில் வாங்கின டிடிஏ 2030 எல்லாமே போலின்னு சொல்லிட்டா பேச்சு முடிஞ்சுது. போலி ஐசி இருக்குங்கிறதை நான் மறுக்கலை. போலி சீக்கிரம் சூடாகும், பவர் வராது, வெடிக்கும். ஆனால் 50 ஹெர்ட்ஸில் ராகம் பாடுறது போலியின் குணம் இல்லை. நல்ல ஐசியை மாத்தி மாத்திப் போட்டாலும் அதே ஹம்தான் வரும்.

காசு செலவழிக்கிறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் செலவழிங்க. இன்புட்டை போர்டிலேயே கிரவுண்டோடு ஷார்ட் பண்ணுங்க. சத்தம் நின்னா குற்றவாளி வெளியே: கேபிள், வால்யூம் கண்ட்ரோல், இல்லை எர்த் வளையம். நிக்கலைன்னா உள்ளே. சிங்கிள் சப்ளை போர்டா இருந்தா 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்க. அதில் சுத்தமா இருந்தா பவர் சப்ளை பக்கம் போங்க. காதையும் கொஞ்சம் பயன்படுத்துங்க. மெதுவான ஆழ்ந்த 50 ஹெர்ட்ஸ்னா ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் இருக்கலாம், இல்லை எர்த் வளையம். ட்ரான்ஸ்ஃபார்மரைத் திருப்பி, தள்ளி வச்சுப் பாருங்க. கரகரன்னு 100 ஹெர்ட்ஸ்னா ரெக்டிஃபயருக்கு அப்புறம் வர்ற சமாச்சாரம். 'புஸ்ஸ்'ஸுன்னா அது ஹம்மே இல்லை, வேற கேஸ்.

"எங்க வீட்ல எர்த்தே சரியில்லையே"ன்னு சிலர் சொல்வாங்க. நிறைய வீட்டில் அப்படித்தான், தெரியும். அதுக்கு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரி பண்ணுங்க, 30 மில்லியாம்பியர் ட்ரிப் ஆகுற ஆர்சிசிபி ஒண்ணு போடுங்க. ஏற்கெனவே சரியில்லாததைப் பிடுங்கியே போடறேன்கிறது என்ன நியாயம்?

சத்தம்கிறது சர்க்யூட் நம்மகிட்ட பேசுற பேச்சு. அதைக் கேட்டு, எங்கிருந்து வருதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் இந்தப் பொழுதுபோக்கோட ருசியே. பின்னைப் பிடுங்கி வாயை அடைக்கிறவனுக்கு அந்த ருசியும் கிடையாது, பாதுகாப்பும் கிடையாது. அடுத்த தடவை எந்த அனுபவஸ்தராவது பள்ளிக்கூடப் பையன்கிட்ட "எர்த்தைக் கழட்டு தம்பி"ன்னு சொன்னா, தயவுசெய்து கட்டிங் பிளேயரை அவர் கையிலிருந்து பிடுங்குங்க. மாற்றுக் கருத்து உள்ளவங்க பின்னூட்டத்தில் வாங்க, பேசுவோம். ஆனா மூணாவது பின்னோட வாங்க :-)