வாயில்லா ஜீவனின் பல்

கீரனூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். புதுக்கோட்டைப் பக்கத்துக் கீரனூர் அல்ல. பழனி தாலுகாவில் இருக்கிறதே, அந்தக் கீரனூர். அவர் வீட்டில் ஆறு வயது ராஜபாளையம் நாய் ஒன்று இருக்கிறது. வருஷா வருஷம் போடுகிற வெறிநோய்த் தடுப்பூசிக்காக அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஊசி போட்ட டாக்டர் நாயின் உதட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "மேலே வலது பக்கம் பெரிய கடைவாய்ப் பல் உடைந்திருக்கிறதே, தெரியுமா?" என்று கேட்டாராம். சகோதரிக்குத் தெரியாது. நாயும் ஒரு நாள்கூட அதைப் பற்றிப் பிரஸ்தாபித்ததில்லை!

வீட்டுக்கு வந்து சொன்னதும் மகாநாடு கூடிவிட்டது. "அது பாட்டுக்குத் தின்னுக்கிட்டுத்தானேம்மா இருக்கு? ஊசி போடத்தானே போனே, பல்லை எதுக்குக் கிளறணும்?" என்று மாமியார். "பிடுங்கிப் போட்டுட்டா ஒரே நாளோட தீர்ந்தது" என்று கணவர். "ஐயோ, மயக்க மருந்து கொடுத்தா எழுந்திருக்கவே எழுந்திருக்காது, அக்கா!" என்று அடுத்த வீட்டுப் பெண். யார் பேச்சைக் கேட்பது என்று சகோதரி கேட்கிறார்.

முதலில் மாமியாரின் பேச்சை எடுத்துக்கொள்வோம். பெரியவர்கள் சொல்வதை மறுத்துப் பேசக் கூடாதுதான். ஆனால் நாய்களின் பல் விஷயத்தில், "தின்னுக்கிட்டுத்தானே இருக்கு" என்ற பேச்சைப் போல அவற்றுக்குக் கெடுதல் செய்தது வேறொன்றும் இல்லை. பல் வலிக்கிற நாய் பட்டினி கிடக்காது. பசி வலியை விடப் பெரிது அதற்கு. வலிக்கிற பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கத்தால் மென்றுகொள்ளும். அல்லது மெல்லாமலே விழுங்கிவிடும். வாய் மட்டும் சில சமயம் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு பக்கத்துப் பற்களில் மட்டும் காரை அதிகமாகப் படிந்திருந்தால், அந்தப் பக்கத்தை நாய் உபயோகிப்பதில்லை என்று சந்தேகப்பட வேண்டும். வாயில் எடுத்த துண்டைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுப்பதும், முகத்தை முன்னங்காலால் தேய்ப்பதும், தலையைத் தடவப் போனால் சட்டென்று விலகுவதும்கூட அப்படித்தான். "வயசாயிடுச்சு, சோம்பேறியாகிவிட்டது" என்று நாம் நினைத்த நாய், கெட்ட பல்லை எடுத்த பிறகு குட்டியைப் போல ஓடுவதை மிருக வைத்தியர்கள் பலர் பார்த்திருக்கிறார்கள்.

ஆகவே, நாய் முனகவில்லை என்பது ஒரு சாட்சியே அல்ல. ஆனால் அதற்காகக் கண்ணில் பட்ட பல்லையெல்லாம் பிடுங்கவும் வேண்டியதில்லை. வேறொரு காரியத்துக்காகப் போன இடத்தில் தெரிந்த பல்லை எப்படித் தீர்மானிப்பது? முக்கியமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்.

பல் என்பது வெளியே பார்க்கத்தான் கல். உள்ளே நரம்பும் ரத்தக் குழாயும் ஓடுகிற மெத்தென்ற சதை இருக்கிறது, பற்கூழ் என்பார்கள். உடைந்தது மேல் ஓட்டோடு நின்றதா, இந்தப் பற்கூழ் வரையில் போய்த் திறந்துவிட்டதா? டாக்டரிடம் இதைத்தான் கேட்க வேண்டும். அவர் ஊசி போன்ற ஒரு கருவியை உடைந்த இடத்தில் மெல்ல ஓட்டிப் பார்ப்பார். கருவி உள்ளே இறங்கினால் திறந்துவிட்டது என்று அர்த்தம்.

திறந்துவிட்ட பல்லை, "பார்க்கலாம், ஆறு மாதம் போகட்டும்" என்று விடக் கூடாது. வாயில் இருக்கிற கிருமிகளுக்கு அது திறந்து வைத்த வாசல். பற்கூழ் செத்துப் போகும். கிருமி வேர் நுனி வரை இறங்கித் தாடை எலும்பில் சீழ் வைக்கும். முதலில் வலிக்கும், பிறகு நரம்பு செத்ததும் வலி அடங்கினாற் போல இருக்கும். 'சரியாகிவிட்டது' என்று நாம் சந்தோஷப்படுகிற அந்தச் சமயத்தில்தான் அடியில் சீழ் கட்டிக்கொண்டிருக்கும்.

கீரனூர் நாய்க்கு உடைந்திருப்பது சாதாரணப் பல்லும் அல்ல. நாய்க்கு மொத்தம் 42 பல். மேலே 20, கீழே 22. அவற்றில் மேல் தாடையின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு பெரிய பல், கீழ்ப் பல்லோடு சேர்ந்து கத்திரிக்கோல் மாதிரி வெட்டும். எலும்பையோ கல்லையோ கடிக்கும்போது முதலில் சில்லாகப் பெயர்வது அதுதான். அதற்கு மூன்று வேர்கள். அந்த வேர்கள் கண்ணுக்குக் கீழே போய் முடிகின்றன. அங்கே சீழ் வைத்தால் நாயின் கன்னத்தில், கண்ணுக்குச் சற்றுக் கீழே, வீங்கி உடைந்து ஒழுகும். 'எந்த நாயோடு சண்டை போட்டதோ!' என்று நாம் மஞ்சளை அரைத்துப் பூசுவோம். பத்து நாள் ஆறும், மறுபடி உடையும். கண்ணுக்குக் கீழே ஆறாத புண்ணோடு திரிகிற நாயைக் கண்டால் அதன் வாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

திறக்காத பல் என்றால் அவ்வளவு அவசரம் இல்லை. கூர்மையான விளிம்பைத் தேய்த்து, மேலே பூச்சுப் பூசி மூடலாம். ஆனால் ஓட்டுக்கு அடியில் இருக்கிற தந்தினியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியாகவும் கிருமி நுழையலாம். அதனால் எக்ஸ்ரே ஒன்று எடுத்து வைத்துக்கொண்டு, ஆறு மாதமோ ஒரு வருஷமோ கழித்து மறுபடி ஒன்று எடுத்து ஒத்துப் பார்ப்பது நல்லது.

விட்டுவிடக் கூடிய பற்களும் இருக்கின்றன. கிழ நாய்களுக்குப் பல் தேய்ந்து மழுங்கி, நடுவில் காப்பிப் பொடி நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். பார்த்தால் சொத்தை என்று தோன்றும். பல் மெதுமெதுவாகத் தேயத் தேய, அடியில் இருக்கிற பற்கூழ் தன்னைக் காத்துக்கொள்ளக் கட்டிக்கொண்ட சுவர் அது! கருவியை ஓட்டினால் கண்ணாடி போல வழுக்கும், உள்ளே இறங்காது. அந்தப் பல்லை அப்படியே விட்டு, வருஷம் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும். கேட்டுக் கம்பியைக் கடிக்கிற பழக்கம் இருந்தால் மட்டும் அதை நிறுத்த வழி பார்க்க வேண்டும்.

உடையாத, ஆனால் நிறம் மாறிய பல் ஒன்று உண்டு. கோரைப்பல் ஒன்று மட்டும் ரோஜா நிறமாகவோ, ஊதாவாகவோ, சாம்பலாகவோ இருக்கும். எங்கேயோ அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்ததன் அடையாளம் அது. கானடா தேசத்துப் பல் வைத்தியர் ஒருவர் இப்படிப்பட்ட 64 பற்களை ஆராய்ந்து 2001-ல் எழுதியிருக்கிறார். அவற்றில் நூற்றுக்கு 92 வீதம் பற்கூழ் முழுதுமோ பாதியோ செத்திருந்ததாம். அதைவிட ஆச்சரியம், அந்தப் பற்களில் பத்துக்கு நாலுக்கு எக்ஸ்ரேயில் ஒரு கோளாறும் தெரியவில்லை. எனவே நிறம் மாறிய பல்லை அழகுக் குறை என்று தள்ளிவிடக் கூடாது.

எக்ஸ்ரே எடுத்தால் என்ன தெரியும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில், கலிபோர்னியா சர்வகலாசாலையின் டேவிஸ் மிருக வைத்தியக் கல்லூரியில் 226 நாய்களுக்கு வாய் முழுவதும் எக்ஸ்ரே எடுத்து, 1998-ல் வெளியிட்டார்கள். வெளிப் பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத பற்களை மட்டும் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், நூற்றுக்குச் சுமார் 28 நாய்களுக்குக் கவனிக்க வேண்டிய கோளாறு அகப்பட்டது. ஆனால் நூற்றுக்குச் சுமார் 42 நாய்களுக்கு, இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடக் கூடிய சில்லறை வித்தியாசங்களும் அகப்பட்டன! அதனால் "எக்ஸ்ரேயில் ஏதோ தெரிகிறது" என்ற ஒரு வார்த்தைக்காகப் பல்லை எடுக்கச் சம்மதித்துவிடாதீர்கள். 'இதனால் நாய்க்கு என்ன தீங்கு? விட்டால் என்ன ஆகும்?' என்று கேளுங்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி மயக்க மருந்து. அடுத்த வீட்டுப் பெண்ணின் பயத்தைக் கேலி செய்ய மாட்டேன். பல்லை ஒழுங்காகப் பார்ப்பதற்கும், வாய்க்குள் எக்ஸ்ரே வைத்து எடுப்பதற்கும் நாய் தூங்கித்தான் ஆக வேண்டும். விழித்திருக்கிற நாயின் வாயில் யார் கையை விடுவது? மயக்கம் கொடுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்து ஈரலும் சிறுநீரகமும் சரியாக வேலை செய்கின்றனவா என்று பார்ப்பார்கள். தண்ணீரும் ரத்தமும் சுவாசப்பைக்குள் போகாமல் இருக்க மூச்சுக் குழலில் ஒரு குழாய் வைப்பார்கள். வயது மட்டும் ஒரு வியாதி அல்ல. ஆறு வயது நாய்க்கு அதை ஒரு தடையாகச் சொல்லவே முடியாது. ஒன்றை மட்டும் டாக்டரிடம் நினைவுபடுத்துங்கள். கிரேஹவுண்ட் போன்ற, உடம்பில் கொழுப்பே இல்லாத ஒல்லி வேட்டை நாய்களுக்குத் தயோபென்டோன் என்ற மயக்க மருந்து சுலபத்தில் தெளியாது. நம் சிப்பிப்பாறையும் கன்னியும் அதே உடல்வாகு. ராஜபாளையமும் மெலிந்த நாய்தான். (2005-ல் தபால் தலையிலேயே ஏறிவிட்ட நாய், அதற்குப் பல் வலி வரலாமா!)

கருத்தடை ஆபரேஷனுக்காகவோ வேறெதற்காகவோ எப்படியும் மயக்கம் கொடுக்கப் போகிறார்கள் என்றால், அப்போதே வாயையும் பார்த்துவிடச் சொல்வது சிக்கனம். மயக்கமே இல்லாமல் காரையைச் சுரண்டித் தருகிறோம் என்பவர்களிடம் போகாதீர்கள். பல் வெளுப்பாகும், ஈறுக்கு அடியில் இருக்கிற அழுக்கு அப்படியே இருக்கும். கோளாறு இருப்பதே அங்கேதான்.

பிடுங்குவதா, வேர் சிகிச்சை செய்து பல்லைக் காப்பாற்றுவதா? கணவர் சொன்னதற்கு இப்போது வருகிறேன். மூன்று வேருள்ள பல்லைக் குறடு போட்டு இழுக்க முடியாது. மூன்றாக வெட்டி, வேரை ஒவ்வொன்றாகத் தளர்த்தி எடுத்து, ஈறை மூடித் தையல் போட வேண்டும். வேர்த் துண்டு உள்ளே தங்கினால் உபத்திரவம் தீராது. அதனால் எடுத்த பிறகும் ஒரு எக்ஸ்ரே வேண்டும். 'ஒரே நாளில் தீர்ந்தது' என்பது, இவ்வளவையும் செய்தால்தான். வேர் சிகிச்சைக்குப் பயிற்சியும் கருவிகளும் உள்ள டாக்டர் வேண்டும். பின்னால் பரிசோதனைக்கும் போய்வர வேண்டும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், வீட்டு நாயின் கடைவாய்ப் பல்லுக்கு அவ்வளவு அலைய வேண்டாம். 41 பல்லோடு நாய் சுகமாகச் சாப்பிடும். கீழ்க் கோரைப்பல் என்றால் மட்டும் யோசிப்பேன். அதன் வேர் மிக நீளம். அதை எடுத்தால் தாடையின் முன்பகுதியே பலவீனமாகும். அதற்காகப் பெரிய ஊருக்குப் போனாலும் தகும். ஒன்றரை வயதுக்குள் இருக்கிற நாய் இன்றைக்குத்தான் பல்லை உடைத்துக்கொண்டது என்றால், அன்றே ஓடுங்கள்; இரண்டு நாளுக்குள் பற்கூழையே காப்பாற்ற வழி உண்டு.

உடுமலைப்பேட்டையில் 2020-ல் கால்நடை மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. கீரனூருக்கு எட்டாத தூரம் அல்ல. அதற்கப்பால் நாமக்கல் இருக்கிறது. சென்னை வேப்பேரியில் 1903-லிருந்து நடக்கிற கல்லூரி இருக்கிறது. எங்கே போவதானாலும், நாய்ப் பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கும் வசதி உண்டா என்று முதலில் டெலிபோனில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

பொமரேனியன் மாதிரிக் குட்டி நாய் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏழு மாதத்துக்குள் 28 பால் பல்லும் விழுந்துவிட வேண்டும். கோரைப்பல் இருக்கிற இடத்தில் பழசும் புதுசும் ஜோடியாக நின்றால் அழகு என்று ரசிக்காதீர்கள். ஒரே இடத்தில் ஒரே ஜாதிப் பல் இரண்டு நிற்கக் கூடாது. பால் பல்லை எடுக்காவிட்டால் புதுப் பல் கோணலாக முளைத்து மேல் அண்ணத்தைக் குத்தும். கிழ நாய்க்கு மற்ற பல்லெல்லாம் கெட்டியாக இருந்து ஒன்று மட்டும் ஆடினாலோ, ஈறில் கட்டி போல ஏதாவது தென்பட்டாலோ, அதை நாள் கடத்தவே கூடாது. சதையில் துளி எடுத்துப் பரிசோதித்தாக வேண்டும்.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லோரும் நாயின் வாயைத் திறந்து பார்க்கப் போகிறீர்களே என்று எனக்குப் பயமாக இருக்கிறது! வாயைத் திறக்கவே வேண்டாம். பழகிய நாயின் பக்கவாட்டில் உட்கார்ந்து உதட்டை மட்டும் மெல்லத் தூக்கினால் போதும். குழந்தைகள் இதைச் செய்யக் கூடாது. நாய்க்குத் தாடை தொங்கி, எச்சில் ஒழுகி, குரல் மாறி, விழுங்க முடியாமல் இருந்தால், 'பல்லில் எலும்பு சிக்கிக்கொண்டது போலிருக்கிறது' என்று நினைத்து ஒருவரும் கையை விட்டுவிடாதீர்கள். வெறிநோய் அப்படியும் வரும். குரைத்துக் கடிக்க ஓடிவருகிற நாயைக் கண்டு விலகுகிறவர்கள்கூட, இப்படி ஊமையாக உட்கார்ந்திருக்கிற நாயிடம் இரக்கப்பட்டு ஏமாந்துபோகிறார்கள். அந்த எச்சில் கைக் கீறலில் பட்டாலும் ஆபத்து. உடனே பதினைந்து நிமிஷம் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

கீரனூர் சகோதரிக்கு: உங்கள் டாக்டரிடம் மறுபடி போய், பற்கூழ் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். திறந்திருந்தால் இந்த மாதமே எடுத்துவிடுங்கள். அதுவரையில் வலிக்காக நம் வீட்டு மாத்திரை எதையும் கொடுக்க வேண்டாம். நமக்குச் சாதாரணமான ஐபூபுரோபென், டைக்ளோபினாக் எல்லாம் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுத்துவிடும். நம் பற்பசையும் அதற்கு ஆகாது. சிலவற்றில் சேர்க்கிற சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். நாய்க்கென்று விற்கிற பசையோ, வெறும் ஈரத் துணியோ போதும். ஆனால் தினம் தேய்க்க வேண்டும்.

பல்லை எடுத்த பிறகு இரண்டு வாரத்துக்குக் குழைந்த சாதம், எலும்பு நீக்கி மசித்த கறி. அப்புறமும் நகத்தால் அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டெலும்பும் அதில் சேர்த்திதான். அதை உங்கள் அத்தையிடம் பக்குவமாகச் சொல்லி வையுங்கள்.