மேனேஜரின் பங்கு எவ்வளவு?

சமூக ஊடகப் பிரபலங்களுக்கு வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்கும்படி 2025 ஆகஸ்ட் 25 அன்று உச்ச நீதிமன்றம் மத்திய அரசிடம் சொன்னது. மாற்றுத்திறனாளிகளைக் கேலி செய்த நகைச்சுவைக் கலைஞர்கள் தொடர்பான வழக்கு அது. பேச்சைக் காசாக்குகிறவர் பொறுப்போடு பேச வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இருக்க முடியாது. எரிச்சல் தருவது அதையொட்டிக் காதில் விழும் யோசனைகள். இன்ஃப்ளூயன்சருக்குப் பதிவு எண் கொடு, தகுதிச் சான்று கேள், அபராதத்தை ஏற்று என்று எல்லாமே கேமரா முன்னால் நிற்பவரையே சுற்றிச் சுற்றி வருகின்றன. எந்த விளம்பரத்தை எடுப்பது, என்ன விலைக்கு எடுப்பது, எந்த வாக்கியத்தைச் சொல்ல வைப்பது என்று பெரும்பாலும் தீர்மானிக்கிறவர் மேனேஜர். அவரை யாரும் ஒரு கேள்வி கேட்பதில்லை. அவருடைய வருமானம் யாரிடமிருந்து, எந்த வழியில் வருகிறது என்று பார்க்காமல் இந்தத் துறையை ஒழுங்குபடுத்துவது நடக்காத காரியம்.

வெளியே சொல்லப்படும் கணக்கு எளிது. விளம்பரத் தொகையில் 10 முதல் 30 சதவீதம் வரை கமிஷன். பெரிய பெயர்களிடம் மாதச் சம்பளத்துக்கு மேனேஜர்கள் இருக்கிறார்கள். பல சேனல்களைச் சேர்த்து நிர்வகிக்கும் யூடியூப் நெட்வொர்க் நிறுவனங்களின் வழி வேறு. நீண்ட வீடியோக்களின் விளம்பர வருவாயில் 55 சதவீதத்தையும் ஷார்ட்ஸ் வருவாயில் 45 சதவீதத்தையும் யூடியூப் சேனலுக்குத் தருகிறது. நெட்வொர்க்கில் சேர்ந்துவிட்ட சேனலுக்கு அந்தப் பணம் நேராக வராது. முதலில் நெட்வொர்க்கின் கணக்குக்குப் போய், பங்கு பிடிக்கப்பட்டு, மிச்சம் வரும். அமெரிக்காவில் 2018 நவம்பரில் டெஃபி மீடியா நிறுவனம் திடீரென மூடப்பட்டபோது, அதன் வழியாகப் பணம் பெற்றுவந்த சேனல்களின் வருவாய் அங்கேயே சிக்கிக்கொண்டது. ஆனாலும் இவற்றில் பங்கு எத்தனை சதவீதம் என்பதாவது காகிதத்தில் இருக்கும்.

பெரும்பணம் காகிதத்தில் இல்லாத இடத்தில் இருக்கிறது. ஒரு ரீலுக்கும் இரண்டு ஸ்டோரிக்கும் ஒரு பிராண்ட் ஒரு லட்சம் ரூபாய் ஒதுக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். மேனேஜராக இருக்கும் ஏஜென்சி இன்ஃப்ளூயன்சரிடம் “பட்ஜெட் அறுபதாயிரம்தான்” என்கிறது. அதிலும் 20 சதவீத கமிஷனாகப் பன்னிரண்டாயிரத்தைப் பிடித்துக்கொண்டு நாற்பத்தெட்டாயிரத்தைத் தருகிறது. மேனேஜருக்குப் பன்னிரண்டாயிரம் போனது என்று அவர் நினைத்துக்கொண்டிருப்பார். போனது ஐம்பத்திரண்டாயிரம். சந்தேகப்பட்டு வருமான வரித் தளத்தில் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்தாலும் டிடிஎஸ் பிடித்தவர் என்று ஏஜென்சியின் பெயர்தான் இருக்கும். பிராண்ட் கொடுத்த தொகை அவருடைய எந்த ஆவணத்திலும் வராது.

மதுரைப் பக்கம் சமையல் சேனல் நடத்தும் பெண்மணி ஒருவர் தன் ஒப்பந்தத்தைப் படிக்கத் தந்தார். முழுக்க ஆங்கிலம். பிராண்டுகள் தரும் தொகை அனைத்தும் ஏஜென்சிக்கு உரியது, அவருக்கு உரியது “ஒப்புக்கொண்ட கட்டணம்” மட்டும் என்று ஒரு பிரிவு. பிராண்டிடமிருந்து பணம் வந்த பிறகே அவருக்குப் பணம் என்று இன்னொன்று. அவர் விலகிப் போனாலும், ஏஜென்சி அறிமுகம் செய்த பிராண்டுகள் தரும் விளம்பரங்களில் ஓராண்டுக்குப் பங்கு தொடரும் என்று மூன்றாவது. இவற்றைவிட முக்கியமானது அவருடைய பக்கத்தின் முகப்பில் இருந்தது. வணிகத் தொடர்புக்கு என்று போட்டிருந்த மெயில் முகவரி ஏஜென்சியுடையது. “மெயில் எல்லாம் அவங்களுக்குத்தாங்க போகும். என்ன ரேட்டு பேசுறாங்கன்னு நமக்கு எங்க தெரியும்?” என்றார். லட்சக்கணக்கானோர் பார்க்கும் முகம் அவருடையது. அந்த முகத்துக்கு வரும் விலையைப் படிக்கும் உரிமை அவருக்கு இல்லை.

மணப்பாறைச் சந்தையில் மாட்டுத் தரகர் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்பவர்களிடமிருந்துதான் அந்த மறைப்பு. பேரம் படிந்தால் என்ன விலைக்குப் போனது என்று மாட்டை விற்றவருக்குத் தெரியும். இங்கே விற்கிறவரின் கண்ணையே துண்டால் கட்டியிருக்கிறார்கள்.

நமக்குப் புதிதாகத் தெரியும் இந்த நோய் ஹாலிவுட்டுக்குப் பழையது. அங்கே நடந்ததை இந்தத் துறையில் இருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்தாளரின் ஏஜென்ட்டுக்கு அங்கே வழக்கமான பங்கு 10 சதவீதம். எழுத்தாளருக்கு ஒரு டாலர் கூடினால் ஏஜென்ட்டுக்குப் பத்து சென்ட் கூடும். ஆகவே அவர் முழு பலத்தோடு பேரம் பேசுவார். தொலைக்காட்சித் தொடர்களில் பெரிய ஏஜென்சிகள் வேறு வழி பிடித்தன. எழுத்தாளர், இயக்குநர், நடிகர் எல்லோரையும் ஒன்றாகக் கட்டி ஸ்டூடியோவிடம் கொடுத்து, ‘பேக்கேஜிங்’ கட்டணத்தை ஸ்டூடியோவிடமே வாங்கிக்கொண்டன. எழுத்தாளரிடம் 10 சதவீதம் பிடிப்பதில்லை என்பதைச் சலுகையாகக் காட்டின. அதன் பிறகு எழுத்தாளரின் சம்பளம் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? ஏஜென்சிக்கு வருவது வந்துகொண்டிருந்தது. எதிர்த்தரப்பிடம் கூலி வாங்குகிறவர் உங்களுக்காக எப்படிச் சண்டை போடுவார்?

2019 மார்ச்சில் அமெரிக்க எழுத்தாளர் சங்கம் இதை வாக்கெடுப்புக்கு விட்டது. ஏஜென்ட்டுகளுக்கான புதிய நடத்தை விதிகளை ஆதரித்தவர்கள் 95.3 சதவீதம். இந்த எண்ணை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். 95.3! ஏப்ரலில் சுமார் 7,000 எழுத்தாளர்கள் தங்கள் ஏஜென்ட்டுகளைக் கைவிட்டார்கள். அப்படியும் பெரிய ஏஜென்சிகளில் கடைசியாக நின்ற டபிள்யூஎம்இ 2021 பிப்ரவரியில்தான் பணிந்தது. பேக்கேஜிங் கட்டணம் 2022 ஜூன் 30உடன் முடிய வேண்டும், தயாரிப்பு நிறுவனங்களில் ஏஜென்சிகளின் பங்கு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். நம் இன்ஃப்ளூயன்சர்களுக்கு அப்படியொரு சங்கம் இல்லை. அதனால்தான் இங்கே சட்டம் பேச வேண்டியிருக்கிறது.

“லாபம் வைக்காத வியாபாரம் உண்டா?” என்று ஏஜென்சிக்காரர்கள் கேட்கிறார்கள். சொந்தச் சரக்கை விற்பவர் கொள்முதல் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. ‘இவர் சார்பில் பேசுகிறேன்’ என்று பிராண்டுக்கு மெயில் அனுப்புகிறவர் சொல்லியே ஆக வேண்டும். இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தைப் புரட்டினால் போதும். கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டியது முகவரின் கடமை என்கிறது 213ஆவது பிரிவு. தனக்கு வேலை கொடுத்தவருக்குத் தெரியாமல் முகவர் அந்தத் தொழிலில் தன் சொந்தக் கணக்கில் லாபம் பார்த்தால், அந்த லாபத்தைக் கேட்டுப் பெற வேலை கொடுத்தவருக்கு உரிமை உண்டு என்கிறது 216ஆவது பிரிவு. ஏஜென்சிகளுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் ‘நாங்கள் முகவர் அல்ல, இரு தனித்தனி வணிகர்கள்’ என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கிறார்கள். “பணத்தை வசூலிக்க நாங்கள் படும் பாடு தெரியுமா?” என்பது இன்னொரு வாதம். தெரியும். அந்த உழைப்புக்குத்தான் கமிஷன்.

இதை இன்ஃப்ளூயன்சருக்கும் மேனேஜருக்கும் இடையிலான சம்பளத் தகராறு என்று ஒதுக்குகிறவர்கள் அடுத்த கட்டத்தைப் பார்க்கத் தவறுகிறார்கள். நியாயமான பொருளுக்கு நியாயமான விளம்பர பட்ஜெட்தான் இருக்கும். அதில் ஒளித்து வைக்க அதிகம் இல்லை. அள்ளிக் கொடுப்பவர்கள் பெட்டிங் செயலிக்காரர்கள், ஒரே வாரத்தில் நிறம் மாற்றும் கிரீம்காரர்கள், பங்குச்சந்தையில் கோடீஸ்வரராக்கும் வகுப்புக்காரர்கள். வித்தியாசத் தொகையில் வாழும் மேனேஜர் எந்த விளம்பரத்தை முதலில் கொண்டுவருவார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சட்டம் யாரைப் பிடிக்கிறது? நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்தில் தோன்றி ஆதரித்தவருக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், ஓராண்டு வரை தடை; மீண்டும் செய்தால் 50 லட்சம் வரை அபராதம், மூன்றாண்டு வரை தடை. விளம்பரம் என்று பளிச்சென்று சொல்ல வேண்டும் என 2023 ஜனவரியில் நுகர்வோர் துறை விதித்தது. இலவசமாக வந்த போனை வைத்துக்கொண்டால் 2022 ஜூலை முதல் அதற்கும் டிடிஎஸ். ஹைதராபாதை அடுத்த மியாபூரில் 2025 மார்ச்சில் பெட்டிங் செயலி விளம்பரத்துக்காக வழக்குப் பதிந்தபோது ஊரெல்லாம் பேசப்பட்டது 25 நடிகர்கள், இன்ஃப்ளூயன்சர்களின் பெயர்கள். தவறான விளம்பரங்களைத் தடுக்க வந்த 2022 விதிகளில் ‘விளம்பர ஏஜென்சி’ என்ற சொல் இருக்கிறதே என்பார்கள். இன்ஃப்ளூயன்சரின் மேனேஜர் ‘நான் விளம்பரம் தயாரிக்கவில்லை, ஆளை மட்டும் அனுப்பினேன்’ என்று சொல்லி நழுவ அந்தச் சொல்லே வழி விடுகிறது. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் கேமிங் சட்டமோ விளம்பரத்துக்குத் துணைபோனவர், தூண்டியவர் வரை கை நீட்டுகிறது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்குச் சாத்தியமான இது கிரீமுக்கும் பங்குச்சந்தை வகுப்புக்கும் ஏன் சாத்தியமில்லை?

பிரான்ஸ் செய்திருக்கிறது. 2023 ஜூன் 9ஆம் தேதிச் சட்டத்தில் இன்ஃப்ளூயன்சருக்கு வரையறை உண்டு, அவருடைய ஏஜென்ட்டுக்கும் தனி வரையறை உண்டு. தன்னை நம்பியவரின் நலனைக் காப்பதும் நலன் முரண்பாட்டைத் தவிர்ப்பதும் ஏஜென்ட்டின் சட்டக் கடமை. அந்த விளம்பரத்தால் மூன்றாம் நபருக்கு இழப்பு வந்தால் விளம்பரதாரர், இன்ஃப்ளூயன்சர், ஏஜென்ட் மூவரும் கூட்டாகப் பொறுப்பு.

மத்திய அரசு வகுக்கும் நெறிமுறையில் இந்தக் கூட்டுப் பொறுப்பு ஒன்று இருந்தாலே பொய் விளம்பரங்களில் பெரும்பகுதி நின்றுபோகும். அதோடு, பிராண்ட் ஏஜென்சிக்குத் தரும் பர்ச்சேஸ் ஆர்டரின் நகல் அதே நாளில் இன்ஃப்ளூயன்சருக்கும் போக வேண்டும். ஒப்பந்தம் அவர் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். பிராண்ட் பணம் தந்தாலும் தராவிட்டாலும் 45 நாளில் அவருக்குச் சேர வேண்டியது சேர வேண்டும். சிறு தொழில்களுக்கு அந்தக் கெடு ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது. ஒரே விளம்பரத்துக்கு இரு பக்கமும் பணம் வாங்குவதை முற்றாகத் தடை செய்ய வேண்டும். மீறுகிற ஏஜென்சிக்கு, விளம்பரத்தில் முகம் காட்டியவருக்கு விதிக்கும் அதே 10 லட்சம் ரூபாய் அபராதமும் அதே ஓராண்டுத் தடையும் விதிக்க வேண்டும்.