செல்போன் புதிர் டி.வி.க்குப் பொருந்துமா?

தமிழ்நாட்டின் பழைய கோவில் மண்டபங்கள் பலவற்றில் கல் தரையைக் குனிந்து பாருங்கள். ஆடு புலி ஆட்டக் கட்டம் செதுக்கியிருக்கும். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆடுகிறவர் இரண்டு பேர். யோசனை சொல்கிறவர் பத்துப் பேர்!

இன்று புதிர் விளையாட்டு செல்போனுக்குள் புகுந்துவிட்டது. ஆடுகிறவன் ஒருவன். எட்டிப் பார்த்தால் பிள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி உட்காருகிறான்.

அதே ஆட்டத்தை டி.வி.யில் ஆடினால் என்ன?

'மான்யுமென்ட் வேலி' என்று ஓர் ஆட்டம். லண்டன் கம்பெனி ஒன்று 2014-ல் செல்போனுக்காகச் செய்தது. ஐடா என்ற இளவரசி கோட்டைக்குள் வழி தேடுகிறாள். தூணைத் திருப்பினால், துண்டாகக் கிடந்த பாதை ஒன்று சேர்ந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும். உடனே அவள் அதில் நடந்து போய்விடுவாள்! நேரக் கெடு கிடையாது. அடிதடி கிடையாது. 2025-ல் இது பிளேஸ்டேஷன் போன்ற டி.வி. விளையாட்டுப் பெட்டிகளுக்கும் வந்தது.

நாமக்கல்லில் என் தங்கை வீட்டில் இதைப் பார்த்தேன். பையன் விழித்துக்கொண்டிருந்தான். முறுக்குச் சுற்றிக்கொண்டிருந்த அம்மாயி, "கண்ணு, அந்தத் தூணைத் திருப்பிப் பாரு" என்றாள். வழி திறந்தது! லாரியை நிறுத்திவிட்டு வந்த மச்சானும் சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தார்.

ஆகவே, பொருந்தும் என்பதே என் கட்சி. ஒரு குறை உண்டு. விரலால் தொட்டுத் திருப்பும் சுகம் ஜாய்ஸ்டிக்கில் இல்லை. ஆட்டமும் ஓரிரு மாலையில் முடிந்துவிடும்.

எல்லா ஆட்டமும் இப்படியா? இல்லை. மிட்டாய்களை வரிசை சேர்க்கும் 'கேண்டி கிரஷ்' இருக்கிறதே, அது பஸ் வரும்வரை ஐந்து நிமிஷம் ஆடுவதற்கு. தோற்றுக்கொண்டே இருந்தால் காத்திரு, இல்லாவிட்டால் காசு கட்டு என்கிறது. அதற்காகக் குடும்பமே டி.வி. முன் உட்காருவதா?

விலையையும் பார்க்க வேண்டும். பிளேஸ்டேஷன் 5 இந்தியாவுக்கு 2021-ல் வந்தபோது 49,990 ரூபாய். ஒரு புதிருக்காக அதை வாங்காதீர்கள். இப்போதைய டி.வி.க்கள் பலவற்றில் செல்போன் படத்தை அப்படியே பெரிதாகக் காட்டலாம். விரல் சுகமும் போகாது, வீடே பார்க்கலாம். மறுநாள் மச்சான் போனில் அப்படித்தான் ஆடினோம். ஐடா பாதி படி ஏறியிருப்பாள், லோடு விஷயமாக அவருக்குப் போன் வந்துவிட்டது!